நிரலாக்க நூலும் அதன் பயிற்சிப் பக்கமும்

கணினி செய்ய வேண்டிய வேலையை அதற்குப் புரியும் கட்டளைகளாக வரிசைப்படுத்தி எழுதித் தருவது நிரல் எனப்படும். அவ்வாறு எழுதும் திறனே நிரலாக்கம். இத்திறனைப் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டாமல் வீட்டிலிருந்தே வளர்த்துக்கொள்ள முடியும் என்பதும், அவ்வாறு தாமே கற்றுத் தேறியவர்கள் மென்பொருள் துறையில் ஏராளமாகப் பணியாற்றுகிறார்கள் என்பதும் பலரும் அறிந்தவை. ஆயினும், தாமே கற்க முற்படுபவர் பாதையின் தொடக்கத்திலேயே தடுமாறும் இடம் ஒன்று உண்டு; எந்த நூலை வாங்குவது என்பதே அது. புத்தகக் காட்சியின் ஓர் அரங்கில் ஒரே மொழிக்குப் பத்துப் பன்னிரண்டு நூல்கள் அடுக்கியிருக்க, அவற்றுள் தடித்ததையோ மலிவானதையோ, தெரிந்தவர் யாரோ பெயர் சொன்னதையோ எடுத்துவந்து, மூன்றாம் அத்தியாயத்தோடு அலமாரியில் வைத்துவிட்டு, தமக்கு இந்தத் துறையே ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுபவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோரிடம் குறை இருந்ததில்லை. நூலுக்கும் அவர்களுக்கும்தான் பொருத்தம் இல்லாமல் போயிருக்கிறது.

நிரலாக்க நூல் பிற நூல்களைப் போலப் படித்து முடிக்கப்படுவதன்று. வரலாற்று நூலையோ பயண நூலையோ சாய்வு நாற்காலியில் அமர்ந்து படித்தால் அதன் பயன் பெரும்பாலும் கிட்டிவிடும். நிரலாக்க நூலோ இசைப் பயிற்சிப் புத்தகத்துக்கு நெருங்கிய உறவுடையது. சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை நூறு முறை படித்தறிந்தவருக்கும் குரல் பழகியிருக்காது; வாய்விட்டுப் பாடிப் பாடியே அது படியும். அதைப்போலவே, ஒரு நிரலைப் படிக்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றுவதும், புத்தகத்தை மூடிவிட்டு அதே நிரலைத் தாமாக எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே கை நின்றுவிடுவதும் இத்துறையில் அன்றாட அனுபவம். ஆகவே, ஒரு நூலின் விளக்கம் எவ்வளவு தெளிவானது என்பதைக் காட்டிலும், அது வாசகரை எதை எழுதச் சொல்கிறது என்பதே அதன் தரத்தை அளக்கும் கோல். கடையில் நூலைப் புரட்டும்போது முன்னுரைக்கும் பொருளடக்கத்துக்கும் முன்பாக, அத்தியாயங்களின் முடிவில் உள்ள பயிற்சிகளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பயிற்சியே இல்லாத நூலை, அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், முதல் நூலாகக் கொள்ள வேண்டியதில்லை.

அட்டைப்படங்களில் காணப்படும் வாக்குறுதிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 24 மணி நேரத்தில் அல்லது 21 நாட்களில் ஒரு மொழியைக் கற்பிப்பதாகத் தலைப்பிட்ட ஆங்கில நூல் வரிசைகள் உலகெங்கும் விற்றிருக்கின்றன. அவற்றில் 24 மணி நேரம் என்பது ஒரு முழு நாளைக் குறிப்பதன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குரிய 24 பாடங்களைக் குறிப்பது. பாடங்களாகப் பிரித்துக் கற்பிப்பதில் தவறேதும் இல்லை. அந்தப் பாடங்களுக்கு இடையில் வாசகர் செலவிட வேண்டிய உழைப்பைத் தலைப்பு மறைத்துவிடுவதே குறை. கூகுள் நிறுவனத்தில் ஆய்வுப் பிரிவின் இயக்குநராகப் பணியாற்றிய பீட்டர் நார்விக், இத்தகைய தலைப்புகளுக்கு மறுமொழியாக, பத்தாண்டுகளில் நிரலாக்கத்தைத் தாமே கற்பது எப்படி என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். எந்தத் துறையிலும் தேர்ச்சி என்பது நீண்டகாலத் திட்டமிட்ட பழக்கத்தால் வருவது என்பதே அதன் சாரம். அது புதிதாகத் தொடங்குபவரை அச்சுறுத்துவதற்காக எழுதப்பட்டதன்று. மூன்று வாரத்தில் வராவிட்டால் தம்மிடம் ஏதோ குறை என்று மனம் தளர்பவர்களுக்கு அது உண்மையில் ஆறுதலாக அமையக்கூடியது.

இத்துறையில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் ஒரு நூலைச் சற்று நெருங்கிப் பார்த்தால், ஒரு நூலின் தரமும் அது யாருக்கு ஏற்றது என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பது விளங்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சி என்னும் நிரல்மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சியும், அவருடைய சக ஆய்வாளர் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து எழுதிய ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’ 1978இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1988இல் வந்தது. முந்நூறு பக்கத்தை எட்டாத இந்த மெல்லிய நூல், திரையில் ‘ஹலோ வேர்ல்டு’ என்று வணக்கம் சொல்லும் சிறு நிரலை உலகப் புகழ் பெறச் செய்தது. அதை அடுத்து வரும் எடுத்துக்காட்டு வெப்பநிலைப் பட்டியல் ஒன்று. ஃபாரன்ஹீட் அளவில் 0 முதல் 300 வரை இருபது இருபதாக ஏறும் வெப்பநிலைகளுக்குரிய செல்சியஸ் அளவுகளை அந்த நிரல் அச்சிடுகிறது. கோடைக்காலத்தில் வெயில் சதமடித்ததாகச் செய்தித்தாள்கள் எழுதும்போது குறிப்பிடப்படுவது ஃபாரன்ஹீட் 100 டிகிரி என்பதால், இக்கணக்கு தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று: ஃபாரன்ஹீட் எண்ணிலிருந்து 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் செல்சியஸ் கிடைத்துவிடும்.

இந்த எளிய கணக்கை அவ்வாசிரியர்கள் கையாளும் விதத்தில்தான் நூலின் அருமை இருக்கிறது. 5ஐ 9ஆல் முதலில் வகுத்துக்கொண்டு பிறகு பெருக்கினால் என்ன என்று வாசகருக்குத் தோன்றக்கூடும்; கணிதத்தில் இரண்டும் ஒன்றே. சி மொழியிலோ முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும், பின்னப்பகுதி வெட்டி எறியப்படும். 5ஐ 9ஆல் வகுத்தால் 0.55 என்பதில் பின்னம் போய் வெறும் 0 மிஞ்ச, பட்டியல் முழுவதும் 0 என்றே அச்சாகும். பெருக்கிவிட்டு வகுத்தாலும் குறை முழுதும் தீர்வதில்லை: ஃபாரன்ஹீட் 0க்கு உண்மையான விடை கழித்தல் 17.8ஆக இருக்க, நிரல் கழித்தல் 17 என்றே காட்டும். ஆசிரியர்கள் முதலில் இந்தக் குறையுள்ள நிரலை எழுதி, அதன் விடைகளையும் அச்சிட்டுக் காட்டி, அவை ஏன் துல்லியமாக இல்லை என்று விளக்கி, அதன்பின்னரே பின்ன எண்களைக் கையாளும் திருத்திய நிரலைத் தருகிறார்கள். பிழையைக் காட்டி அதிலிருந்து விதியை வரவழைக்கும் இம்முறை, விதியை முதலில் சொல்லி எடுத்துக்காட்டைப் பின்னால் ஒட்டும் நூல்களைவிடப் பன்மடங்கு உயர்ந்தது.

அதே நூலின் முதல் அத்தியாயப் பயிற்சிகளுள் ஒன்று, சி நிரல் ஒன்றிலிருந்து குறிப்புரைகளை எல்லாம் நீக்கும் நிரலை எழுதச் சொல்கிறது. குறிப்புரை என்பது கணினிக்காக அன்றி, நிரலைப் படிக்கும் மனிதருக்காக இடையில் எழுதிவைக்கப்படும் விளக்கம். அது தொடங்குவதற்கும் முடிவதற்கும் தனிக்குறிகள் உண்டு. தொடக்கக்குறியைக் கண்டால் அச்சிடுவதை நிறுத்தி, முடிவுக்குறியைக் கண்டால் மீண்டும் தொடங்கினால் போதும் என்று முதலில் தோன்றும். அந்தத் தொடக்கக்குறியே மேற்கோள்குறிகளுக்குள், திரையில் காட்டப்பட வேண்டிய சொற்றொடரின் பகுதியாக வந்தால் அது குறிப்புரையன்று; அதை நீக்கினால் நிரலே சிதைந்துவிடும். ஆகவே தாம் இப்போது குறிப்புரைக்குள் இருக்கிறோமா, மேற்கோளுக்குள் இருக்கிறோமா, இரண்டுக்கும் வெளியே இருக்கிறோமா என்பதை நிரல் ஒவ்வோர் எழுத்திலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சில வரியில் அமைந்த ஒரு பயிற்சி வாசகரை இரண்டு மாலைப்பொழுது உட்காரவைத்து, நிலை என்னும் கருத்தைப் பெயர் சொல்லாமலேயே கற்பித்துவிடுகிறது. நல்ல பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த சான்று காட்டுவது கடினம்.

இவ்வளவு சிறப்பிருந்தும், இதற்குமுன் நிரலே எழுதியிராத ஒருவருக்கு இது முதல் நூலாகாது. இதைச் சொல்வது பிறர் அல்லர், அந்நூலின் முன்னுரையே. மாறி, மடக்கு, செயற்கூறு போன்ற அடிப்படைகளோடு வாசகருக்கு ஓரளவு பழக்கம் உண்டு என்று எண்ணியே எழுதப்பட்டிருப்பதாக ஆசிரியர்கள் அங்கே தெளிவாகக் குறிப்பிடுகிறார்கள். மாறி என்பது ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம். மடக்கு என்பது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் அமைப்பு. செயற்கூறு என்பது பெயர் சூட்டித் தனியே வைத்து வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் கட்டளைத் தொகுதி. முன்னுரையைப் படிக்காமல் பரிந்துரையை மட்டும் கேட்டு வாங்கியவர்கள் இந்நூலிடம் தோற்றுப்போவதில் வியப்பில்லை. சி மொழியிலேயே தொடங்க விரும்புபவருக்கு, எண்ணூறு பக்கத்தைத் தாண்டினாலும், கே. என். கிங் எழுதிய ‘சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்’ பொருத்தமானது; ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் புதியவருக்கு எழக்கூடிய ஐயங்களை வினா விடையாக அது தொகுத்துத் தருகிறது.

நூலின் வயது என்பது இத்துறையில் அலட்சியப்படுத்தக்கூடாத செய்தி. சென்னை சென்ட்ரல் அருகிலுள்ள மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலும், பொறியியல் முடித்தவர்கள் எடைக்குப் போடும் கட்டுகளிலும் சி மொழி நூல்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றுள் கணிசமானவை டர்போ சி என்னும் மென்பொருளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எழுதிய நிரலைக் கணினி நேரடியாக இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள் கம்பைலர் எனப்படும். டாஸ் இயங்குதளக் காலத்தில் போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டர்போ சி அத்தகைய ஒன்று. இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் அதன் காலம் முடிந்த பின்னும் நெடுநாள் அது வழக்கில் இருந்தது. அதற்கே உரிய சில கட்டளைகள், எடுத்துக்காட்டாகத் திரையைத் துடைப்பது, பொத்தான் அழுத்தும்வரை காத்திருப்பது போன்றவை, சி மொழியின் தரநிலையில் இடம்பெறாதவை. ஆகவே இன்றைய கம்பைலர்கள் பல அவற்றை ஏற்பதில்லை. முழு எண் ஒன்று 2 பைட் இடத்தில் அடங்கும் என்றும், 32767ஓடு ஒன்றைக் கூட்டினால் கழித்தல் 32768 வரும் என்றும் அந்நூல்கள் சொல்லும். இன்றைய கணினிகளில் முழு எண்ணுக்குப் பொதுவாக 4 பைட் ஒதுக்கப்படுவதால், 32768 என்ற சரியான விடையே வரும். நூல் சொன்னதும் திரையில் வந்ததும் வேறுபடும்போது, கற்பவர் தம்மையே ஐயப்படத் தொடங்குகிறார். யஷ்வந்த் கனேத்கரின் ‘லெட் அஸ் சி’, அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமியின் சி மொழி நூல் ஆகியவை இந்திய மாணவர்களிடையே பல பதிப்புகள் கண்டவை. இத்தகைய நூல்களை வாங்கும்போது ஆசிரியர் பெயரோடு பதிப்பு எண்ணையும், தலைப்புப் பக்கத்தின் பின்புறமுள்ள அச்சான ஆண்டையும் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

பைத்தான் மொழியில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. கைடோ வான் ராசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட இம்மொழியின் மூன்றாம் வடிவம் 2008 டிசம்பரில் வந்தபோது, இரண்டாம் வடிவத்தில் எழுதிய நிரல்கள் அப்படியே இயங்காதவாறு சில விதிகள் மாற்றப்பட்டன; இரண்டாம் வடிவத்துக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிவுற்றது. பழைய நூலில் அச்சிடும் கட்டளையை அடுத்து அடைப்புக்குறி இராது. புதிய பைத்தானில் அது இல்லாவிட்டால் நிரல் உடனே நின்று பிழையைச் சுட்டிக்காட்டும். இது கண்ணுக்குத் தெரியும் குறை என்பதால் ஆபத்தில்லை. வகுத்தலோ ஓசையின்றி மாறியிருக்கிறது. மேலே சொன்ன வெப்பநிலைக் கணக்கையே எடுத்துக்கொண்டால், ஃபாரன்ஹீட் 0க்குச் சி மொழி பின்னத்தை வெட்டிக் கழித்தல் 17 என்று காட்ட, பழைய பைத்தான் அதைக் கீழ்நோக்கி முழுமைப்படுத்திக் கழித்தல் 18 என்றும், புதிய பைத்தான் பின்னத்தோடு கழித்தல் 17.777 என்றும் காட்டும். ஒரே வாய்பாட்டுக்கு மூன்று விடைகள். மூன்று இடத்திலும் எந்தப் பிழைச்செய்தியும் வருவதில்லை. இயங்காத நிரலைக் கற்றுத்தரும் பழைய நூலைவிட, இயங்கி வேறு விடை தரும் நிரலைக் கற்றுத்தரும் பழைய நூலே கற்பவரை அதிகம் அலைக்கழிக்கும்.

நூலின் பருமனைப் பற்றி ஆலன் டவுனியின் முயற்சி சொல்வது ஏராளம். ஜாவா மொழியில் அறிமுகப் பாடம் நடத்தவேண்டியிருந்த அவர், அப்போதிருந்த பாடநூல்கள் அளவுக்கு மீறித் தடித்திருப்பதையும், தொடக்கத்தில் எளிதாகச் சென்று திடீரென்று ஓர் இடத்தில் மாணவரைக் குழியில் தள்ளிவிடுவதையும் கண்டு, 1999இல் வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரமே இருந்த நிலையில், நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் 13 நாட்களில் தாமே ஒரு நூலை எழுதி, ஒளிநகல் எடுத்து மாணவர்களுக்கு வழங்கினார். ஐம்பது பக்கத்தைப் படிக்காமல் விடுவதைக் காட்டிலும் பத்துப் பக்கத்தைப் படிப்பது மேல் என்பது அவருடைய அளவுகோல். யாரும் படியெடுக்கலாம், மாற்றலாம் என்ற கட்டற்ற உரிமத்தோடு அவர் அதை வெளியிட்டதால், வர்ஜீனியா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஜெஃப் எல்க்னர் அதைப் பைத்தானுக்கு மாற்றி எழுதினார். அந்த மரபில் வளர்ந்ததே ‘திங்க் பைத்தான்’. விலையின்றிப் படிக்கக் கிடைக்கும் இந்நூல், புதிய சொற்களை அத்தியாயத்தின் முடிவில் தொகுத்துப் பொருள் சொல்வதும், பிழைதிருத்தத்தை ஒரு தனித்திறனாக மதித்துக் கற்பிப்பதும், ஆசிரியர் அருகில் இல்லாதவருக்குப் பெருந்துணை. பிழைதிருத்தம் என்பது நிரல் ஏன் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று துப்புத்துலக்கிச் சரிசெய்வது. நிரல் எழுதும் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே செலவாகும் என்பதைப் பல அறிமுக நூல்கள் சொல்லவே சொல்வதில்லை.

பைத்தானிலேயே வேறு நோக்கங்களுக்கு வேறு நூல்கள் உள்ளன. அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது, விரிதாள்களிலிருந்து எண்களைத் திரட்டுவது போன்ற சலிப்பூட்டும் வேலைகளைக் கணினியிடமே ஒப்படைக்க விரும்புபவருக்கு ஆல் ஸ்வைகார்ட் 2015இல் வெளியிட்ட ‘ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப்’ ஏற்றது. முழுமையான செயல்திட்டம் ஒன்றைக் கட்டிப்பார்க்க ஆசைப்படுபவருக்கு எரிக் மேத்தஸின் ‘பைத்தான் கிராஷ் கோர்ஸ்’ ஏற்றது.

பெரிதும் போற்றப்படும் நூல்களுள் சில வகுப்பறைக்காகப் பிறந்தவை என்பதையும் மறந்துவிடலாகாது. ஹெரால்ட் ஏபெல்சனும் ஜெரால்ட் சஸ்மனும், ஜூலி சஸ்மனின் துணையோடு எழுதி 1985இல் வெளியிட்ட நூல், அதன் நீண்ட தலைப்பின் முதலெழுத்துகளால் எஸ்.ஐ.சி.பி. என்றே அழைக்கப்படுவது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களின் அறிமுகப் பாடநூலாக இருந்தது. நிரலாக்கத்தின் ஆழமான கருத்துகளை அதைப்போல் அழகுற விளக்கிய நூல் அரிது. ஆனால் அதன் எடுத்துக்காட்டுகள் வர்க்கமூலம், நுண்கணிதம், மின்சுற்று என்று கணிதமும் பொறியியலும் பழகிய மாணவரை எதிர்நோக்குபவை. அந்த மாணவருக்குச் சிக்கல் எழுந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் ஆசிரியரும் இருந்தார். இக்குறையைச் சுட்டிக்காட்டிய மத்தியாஸ் ஃபெலைசனும் அவருடைய மூன்று சகாக்களும் 2001இல் வெளியிட்ட ‘ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்’ வேறொரு வழியை வகுத்தது. சிக்கலைப் படித்துத் தரவு எத்தகையது என வரையறுப்பது, நிரல் எதைப் பெற்று எதைத் தரும் என ஒரு வரியில் எழுதுவது, கையாலேயே சில விடைகளைக் கணக்கிட்டு வைப்பது, அதன்பின் நிரலின் எலும்புக்கூட்டை அமைப்பது, அதை நிரப்புவது, முன்பே கணக்கிட்ட விடைகளோடு ஒத்துப்பார்ப்பது என்று ஆறு படிகளை அது ஒவ்வொரு பயிற்சியிலும் வலியுறுத்துகிறது. வெற்றுத் திரையைப் பார்த்து எங்கே தொடங்குவது என்று திகைப்பவருக்கு இந்த ஆறு படிகள் கைப்பிடிச்சுவர் போன்றவை. நான்காம், ஐந்தாம் படிக்கு முன்பே விடையைக் கையால் கணக்கிடச் சொல்வது, எந்த மொழியில் எழுதுபவரும் வழக்கமாக்கிக்கொள்ளத்தக்கது.

பயிற்சிகளை மதிப்பிடுவதில் டொனால்டு கனூத் காட்டிய அக்கறைக்கு ஈடில்லை. 1968இல் முதல் தொகுதி வெளிவந்து இன்றும் முற்றுப்பெறாத அவருடைய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ தொடக்கநிலை வாசகருக்கானதன்று. ஆயினும் அதன் ஒவ்வொரு பயிற்சிக்கும் அருகே 0 முதல் 50 வரை ஓர் எண் இடப்பட்டிருக்கும். 10 என்றால் ஒரு நிமிட வேலை, 20 என்றால் சராசரி, 40 என்றால் வாரக்கணக்கில் இழுக்கக்கூடியது, 50 என்றால் ஆய்வாளர்களுக்கே விடை தெரியாத சிக்கல். தாம் திணறுவது தம் குறையாலா, பயிற்சியின் கடுமையாலா என்று தனியே கற்பவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லாத இடத்தில், இந்த எண் ஆசிரியரின் குரலாக ஒலிக்கிறது. தம் நூலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் பரிசளிக்கும் வழக்கத்தையும் கனூத் ஏற்படுத்தினார். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் 100 என எழுதப்படுவதால் அத்தொகை. ஒரு நிரலாக்க நூலுக்குப் பிழைதிருத்தப் பட்டியல் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, அதன் ஆசிரியரின் நேர்மையை அறிய எளிய வழி. பயிற்சிகளுக்கு விடை உண்டா என்பதும் முக்கியம்: பாதிப் பயிற்சிகளுக்கேனும் விடை தரும் நூல் தனியே கற்பவருக்கு உகந்தது. விடையைப் பார்க்கும் முன் செய்துபார்க்கும் கட்டுப்பாடு மட்டும் அவரிடமிருந்தே வர வேண்டும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் எந்தப் பயிற்சிக்கும் நொடியில் விடை எழுதித் தரும் இக்காலத்தில் அக்கட்டுப்பாட்டின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

தமிழ் வழியில் பயின்றவருக்கு ஆங்கில நூலின் முதல் பக்கமே மதிலாக நிற்கக்கூடும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2019இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத் தமிழிலேயே கற்பிக்கிறது. இலவசமாகத் தரவிறக்கவும் முடியும். பள்ளிப்படிப்பை முடித்து நெடுங்காலம் ஆனவருக்கும் இது தக்க தொடக்கம் என்பது பரவலாக அறியப்படாதது வருத்தத்துக்குரியது. இந்நூலைத் தாமே படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் முதல் நான்கு பாடங்கள் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, நெறிமுறை என்று கோட்பாடுகளைப் பேசுகின்றன, பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு நிரல்கூட எழுதாத நிலையில் அந்நான்கு பாடங்களும் காற்றில் மிதப்பவையாகத் தோன்றும். ஆகவே ஐந்தாம் பாடத்திலிருந்து தொடங்கிப் பத்தாம் பாடம்வரை சென்றுவிட்டு, பிறகு முதல் நான்குக்குத் திரும்புவது தனியே கற்பவருக்கு நல்லது. கணியம் மின்னிதழும், து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் கட்டற்ற முறையில் தமிழில் கிடைக்கும் வேறு துணைகள். ஒரே கருத்துக்கு நூலுக்கு நூல் வேறு கலைச்சொல் வருவது தொடக்கத்தில் குழப்பும். ஒரு குறிப்பேட்டில் தமிழ்ச்சொல்லையும் அதன் ஆங்கில ஒலிப்பையும் எதிரெதிரே எழுதிவைத்தால் சில வாரங்களில் அக்குழப்பம் தீரும். கணினி காட்டும் பிழைச்செய்திகள் ஆங்கிலத்திலேயே வருவதால் அக்குறிப்பேடு அப்போதும் கைகொடுக்கும். அச்செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில டஜன்தான்.

நூலைக் காசு கொடுத்து வாங்கும் முன், சென்னைக் கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ, அருகிலுள்ள மாவட்ட மைய நூலகத்திலோ இரண்டு மூன்று நூல்களை ஒருசேர மேசையில் வைத்து ஒப்பிடலாம். ஒப்பிடுவதற்கு ஒரே தலைப்பை எடுத்துக்கொள்வது நலம். மடக்கு என்னும் பகுதியை மூன்று நூலிலும் படித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சியைத் தாளில் எழுதிப்பார்த்தால், எந்த ஆசிரியரின் பேச்சு மனத்தில் நிற்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதன்பின் அந்த ஒரு நூலோடு நிற்க வேண்டும். ஒன்றில் சிக்கல் வந்ததும் மற்றொன்றுக்குத் தாவுபவர்கள் எல்லா நூலின் முதல் மூன்று அத்தியாயங்களையும் நன்கு அறிந்தவர்களாகவும், எந்த நூலின் நான்காவதையும் அறியாதவர்களாகவும் தங்கிவிடுகிறார்கள். இரண்டாம் நூல், முதல் நூலைப் பாதிக்கு மேல் கடந்த பிறகு வரலாம். அப்போது அது அதே கருத்தை வேறு கோணத்தில் காட்டி உண்மையிலேயே உதவும்.

எந்த நூலின் பயிற்சியும் வாசகரின் வீட்டை அறிந்து எழுதப்பட்டதன்று என்பதால், நூலோடு கூடவே வீட்டிலிருந்து ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது பயன் தரும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணக் கணக்கு அதற்குக் கச்சிதமானது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்குமேல் படிப்படியாக விகிதம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ மேற்பட்ட யூனிட்டுகளுக்கு மட்டுமின்றிக் கீழ்ப்படிகளுக்கான கணக்கும் மாறிவிடும். இதை எழுத நிபந்தனைக் கட்டளை தெரிந்தால் போதும், அதாவது அறிமுக நூலின் முதல் சில அத்தியாயங்களே போதும். நடப்பிலுள்ள விகிதங்களை மின்வாரியத்தின் கட்டணப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டு நிரலை எழுதிவிட்டால், விடையைச் சரிபார்க்க ஆசிரியரைத் தேடவேண்டியதில்லை. மின்கட்டண அட்டையிலோ ரசீதிலோ உள்ள பழைய கணக்குகளை ஒவ்வொன்றாக உள்ளிட்டு ஒத்துப்பார்க்கலாம். ஒத்துவந்த பிறகு, 100, 101, 500, 501 என்று எல்லைகளில் நிற்கும் எண்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நிபந்தனையில் ‘குறைவு’ என்பதற்கும் ‘குறைவு அல்லது சமம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அந்த நான்கு எண்களில்தான்.